மெல்ல அசைவோம், கவனித்து அசைவோம்: உடலசைவு மூளைக்குக் கற்பிக்கும் பாடம்



எஸ்.பி.எம். சோதனைத் தேர்வுக்கு முன் நடந்த ஒரு கட்டுரைப் பயிற்சியிலிருந்து இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறேன். பல இடைநிலைப்பள்ளிகளில் நடப்பது போலவே எங்களுக்கும் தமிழ்ப் பாட வேளை பள்ளி முடிந்த பிறகுதான். மதிய வெயில், பசி, காலையிலிருந்து நாற்காலியிலேயே உட்கார்ந்த அலுப்பு எல்லாம் சேர்ந்திருக்கும். நன்றாக எழுதக்கூடிய ஒரு மாணவி மூன்றாம் பத்தியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கையை உதறினாள். "சார், கை இழுக்குது சார். இதுக்கு மேல எழுத முடியல."

"கையை லூசா வையிம்மா" என்றேன்.

"லூசாத்தான் சார் வச்சிருக்கேன்."

அருகில் போய்ப் பார்த்தேன். பேனாவைப் பிடித்த விரல் நுனிகள் வெளுத்திருந்தன. வலது தோள் காதை நோக்கி ஏறியிருந்தது. பற்கள் இறுகியிருந்தன. நாற்காலிக் காலை இரண்டு பாதங்களும் கொடிபோல் சுற்றியிருந்தன. மூச்சு விடுவதே தெரியவில்லை. ஆனால் அவள் பொய் சொல்லவில்லை. தன் கை இறுகியிருப்பது அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

தெரியாத இறுக்கத்தை எப்படித் தளர்த்துவது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு பொறியியலாளர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டிருக்கிறார். அவர் உருவாக்கிய முறையின் அடிப்படையை இங்கே விளக்குகிறேன். வகுப்பறையில் செய்யக்கூடிய மூன்று எளிய பயிற்சிகளையும் தருகிறேன். அவற்றால் எது முடியும், எது முடியாது என்பதையும் இறுதியில் பார்ப்போம்.

முழங்காலிலிருந்து பிறந்த முறை

மோஷே ஃபெல்டன்கிராய்ஸ் 1904-ஆம் ஆண்டு இன்றைய உக்ரைன் நாட்டிலுள்ள ஸ்லாவுத்தா என்னும் ஊரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே வீட்டை விட்டுப் புறப்பட்டுப் பாலஸ்தீனம் போய்ச் சேர்ந்தார். அங்கே கட்டுமானக் கூலி வேலை செய்தார். பிறகு விட்ட படிப்பைத் தொடர்ந்தார். 1930-களில் பாரிஸ் நகரில் பொறியியல் படித்து, நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஃபிரெடெரிக் ஜோலியோ-கியூரியின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார்.

அந்தப் பாரிஸ் நாள்களில்தான் ஜூடோ கலையைத் தோற்றுவித்த ஜிகோரோ கானோவை 1933-ஆம் ஆண்டு சந்தித்தார். கானோவைத் தற்காப்புக் கலைஞராக மட்டுமே பலருக்குத் தெரியும். அவர் தோக்கியோவில் ஆசிரியர்களை உருவாக்கும் உயர்கல்லூரியின் தலைவராகவும் இருந்தவர். குறைந்த முயற்சியில் நிறைந்த பயன் என்பது அவர் ஜூடோவுக்கு வகுத்த அடிப்படை நெறி. ஃபெல்டன்கிராய்ஸ் ஜூடோ கற்றுக் கறுப்புப் பட்டை பெற்றார். அந்த நெறி பின்னாளில் அவருடைய முறை முழுவதிலும் ஊறிப் போனது.

இளமையில் காற்பந்து ஆடியபோது அவருடைய முழங்காலில் காயம் ஏற்பட்டிருந்தது. 1940-இல் ஜெர்மானியப் படை பாரிஸை நெருங்கியபோது பிரிட்டனுக்குத் தப்பிச் சென்று, அங்கே கடற்படைக்கான ஆய்வுப் பணியில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் முழங்கால் மிகவும் மோசமானது. அறுவைச் சிகிச்சை செய்தாலும் குணமாகும் என்ற உறுதியில்லை என்று மருத்துவர்கள் கூறினர். அவர் வேறு வழியில் இறங்கினார். உடற்கூறு, நரம்பியல், குழந்தை வளர்ச்சி பற்றிய நூல்களைப் படித்தார். படுத்துக்கொண்டு மிகச் சிறிய அசைவுகளைத் திரும்பத் திரும்பச் செய்து, தம் கால் எப்படி அசைகிறது, இடுப்பும் முதுகும் அதற்கு எப்படி உதவுகின்றன அல்லது தடையாக இருக்கின்றன என்று கவனித்தார். கிழிந்த தசைநாரை அவரால் ஒட்டவைக்க முடியவில்லை. ஆனால் அந்தக் காலைக் கொண்டே வலியின்றி நடக்கும் வழியை அவருடைய மூளை கற்றுக்கொண்டது.

இந்த அனுபவத்தையும் படித்த அறிவியலையும் சேர்த்து 1949-இல் ஒரு நூலை வெளியிட்டார். 1950-களின் தொடக்கத்தில் இஸ்ரேலுக்குத் திரும்பி, டெல் அவிவ் நகரின் அலெக்ஸாண்டர் யனாய் தெருவில் குழு வகுப்புகளை நடத்தினார். ஒலிப்பதிவாகியுள்ள அந்தப் பாடங்கள் மட்டுமே 500-க்கும் மேல் உள்ளன. இஸ்ரேலின் முதல் பிரதமர் டேவிட் பென்-குரியன் அவருடைய மாணவர்களுள் ஒருவர். முதுகுவலியால் அவதிப்பட்ட பென்-குரியன், எழுபது வயதைத் தாண்டியபின் கடற்கரையில் தலைகீழாக நிற்கும் படம் 1957-இல் எடுக்கப்பட்டு உலகெங்கும் பரவியது. ஃபெல்டன்கிராய்ஸ் 1984-இல் காலமானார்.

அவருடைய முறையில் இரண்டு வடிவங்கள் உள்ளன. ஒன்று, ஆசிரியர் வாய்மொழியாக வழிநடத்தும் குழுப் பாடம். மற்றொன்று, ஆசிரியர் கையால் தொட்டு ஒருவருக்கு மட்டும் கற்பிக்கும் தனிப்பாடம். இரண்டையுமே அவர் சிகிச்சை என்று சொல்லவில்லை, பாடம் என்றுதான் சொன்னார். வருபவர் நோயாளி அல்லர், மாணவர். ஆசிரியர்களாகிய நாம் இதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏன் மெல்ல? ஏன் சிறிதாக?

இந்த முறையை முதன்முதலில் பார்ப்பவர்கள், "இவ்வளவு மெதுவா அசைச்சா என்ன பயன்? வியர்வையே வரலையே?" என்றுதான் கேட்பார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். பதில் தசையில் இல்லை, புலனுணர்வில் இருக்கிறது.

இருபது கிலோ அரிசி மூட்டையைத் தூக்கி வைத்திருக்கிறீர்கள். அதன்மேல் ஒருவர் நூறு கிராம் பிஸ்கட் பொட்டலத்தை வைக்கிறார். உங்களுக்குத் தெரியாது. அதே பொட்டலத்தை வெறுங்கையில் வைத்தால் உடனே தெரியும். பொருளின் எடை மாறவில்லை. ஏற்கெனவே நீங்கள் சுமந்திருந்த சுமைதான் மாறியது.

இதை 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய உடலியல் அறிஞர் எர்ன்ஸ்ட் வெபர் அளந்து காட்டினார். ஒரு மாற்றத்தை நாம் உணர்வதற்கு, அந்த மாற்றம் ஏற்கெனவே இருப்பதில் ஒரு குறிப்பிட்ட விகிதமாவது இருக்க வேண்டும். கையால் எடையைத் தூக்கிப் பார்க்கும்போது அந்த விகிதம் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு. சுமை பெரிதானால் உணரக்கூடிய வேறுபாடும் பெரிதாகத்தான் இருக்க வேண்டும்.

தகரக் கூரை வகுப்பறையில் பாடம் நடத்தியவர்களுக்கு இது நன்றாகப் புரியும். அடைமழை கொட்டும்போது கடைசி வரிசை மாணவன் மெல்லக் கேட்கும் கேள்வி நம் காதில் விழாது. அவனைக் கத்தச் சொல்லலாம், அல்லது மழை ஓயும்வரை காத்திருக்கலாம். தசையின் இறுக்கமும் அந்த மழைச் சத்தம் போன்றதுதான். முழு வலுவோடு கழுத்தைத் திருப்பும்போது, எந்தத் தசை தேவைக்கு மேல் உழைக்கிறது என்ற சின்னச் செய்தி மூளைக்குப் போய்ச் சேருவதில்லை. முயற்சியைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் அந்தச் செய்தி கேட்கத் தொடங்கும்.

என் மாணவிக்கு "கையை லூசா வை" என்ற அறிவுரை ஏன் பயன்படவில்லை என்பது இப்போது விளங்கும். அவளுடைய தோள், தாடை, பாதம் எல்லாம் ஒரே நேரத்தில் மழையாகக் கொட்டிக்கொண்டிருந்தன. அதில் விரலின் குரல் எங்கே கேட்கும்?

மூளைக்குள் ஒரு வரைபடம்

கண்ணை மூடிக்கொண்டு உங்கள் இரு சுட்டுவிரல் நுனிகளையும் மெல்ல ஒன்றோடொன்று சேர்த்துப் பாருங்கள். பார்க்காமலே கிட்டத்தட்டச் சரியாகச் சேரும். உடலின் எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்ற செய்தியைத் தசை, தசைநாண், மூட்டு ஆகியவற்றில் உள்ள உணர்வு முனைகள் மூளைக்கு இடைவிடாமல் அனுப்புகின்றன. இந்த உணர்வுக்கு 1906-இல் ஆங்கிலேய நரம்பியலாளர் சார்ல்ஸ் ஷெரிங்டன் தனிப் பெயர் சூட்டினார். தமிழில் இதை உடல்நிலை உணர்வு எனலாம். ஐம்புலன்களைப் பற்றிப் பாடம் நடத்தும்போது இதை நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.

இந்தச் செய்திகள் மூளையின் மேற்பரப்பில் ஒரு வரைபடமாகப் பதிந்துள்ளன. கனடாவின் மொன்றியால் நகரில் அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டும் அவர் குழுவினரும் 1930-களில் இந்த வரைபடத்தை விரிவாகக் கண்டறிந்தனர். அந்த வரைபடத்தில் உடல் தன் உண்மையான அளவில் இல்லை. கைவிரல், உதடு, நாக்கு ஆகியவை மிகப் பெரிதாகவும், முதுகும் தொடையும் மிகச் சிறிதாகவும் உள்ளன. எழுதுவதும் பேசுவதும் எவ்வளவு நுட்பமான வேலைகள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அந்த வரைபடம் கல்வெட்டு அன்று. பயன்பாட்டுக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். நரம்புக் கருவி வாசிக்கும் இசைக்கலைஞர்களை ஜெர்மனியில் ஆராய்ந்து 1995-இல் ஒரு புகழ்பெற்ற ஆய்வு வெளியானது. தந்திகளை அழுத்தும் இடக்கை விரல்களுக்கு அவர்களின் மூளையில் மற்றவர்களைவிடப் பெரிய இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. இளவயதில் தொடங்கியவர்களிடம் இந்த வேறுபாடு கூடுதலாக இருந்தது.

கவனம் இல்லாமல் திரும்பத் திரும்பச் செய்தால் இந்த மாற்றம் வருமா? அமெரிக்க நரம்பியலாளர் மைக்கேல் மெர்செனிச்சின் குழு குரங்குகளிடம் இதைச் சோதித்தது. ஒரு பிரிவுக் குரங்குகள் விரலில் படும் அதிர்வைக் கவனித்து வேறுபாடு கண்டுபிடிக்க வேண்டும். மற்றொரு பிரிவுக்கும் அதே அதிர்வு கொடுக்கப்பட்டது, ஆனால் அவை ஒலியைக் கவனித்துக்கொண்டிருந்தன. தொட்டது ஒன்றுதான். ஆனால் அதிர்வைக் கவனித்த குரங்குகளின் மூளையில்தான் விரலுக்கான வரைபடம் மாறியது.

ஆசிரியர் நண்பர்களே, இதை நம் வகுப்பறையோடு பொருத்திப் பாருங்கள். பிழையான சொல்லை ஐம்பது முறை எழுதிவரச் சொல்கிறோம். மாணவன் தொலைக்காட்சி பார்த்தபடியே எழுதி முடிக்கிறான். மறுநாள் அதே பிழை அப்படியே திரும்பி வருகிறது. கை ஐம்பது முறை அசைந்தது, கவனம் ஒருமுறைகூட அசையவில்லை. உடலசைவுக்கும் இதே கதைதான்.

தமிழாசிரியர்களுக்கு இதை இலக்கணத்தின் வழியாகவும் சொல்லலாம். "தலை திரும்பியது" என்பது தன்வினை. "தலையைத் திருப்பினேன்" என்பது பிறவினை. நாளெல்லாம் நம் உடலைப் பிறவினையாலேயே நடத்துகிறோம்: நிமிர்த்து, திருப்பு, அடக்கு. இந்தப் பயிற்சியில் சிறிது நேரம் தன்வினைக்கு மாறி, உடல் எப்படித் திரும்புகிறது என்று பார்க்கிறோம்.

ஐந்து விதிகள்

பயிற்சிக்குள் நுழையும் முன் இந்த ஐந்தையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

1. மெல்ல. ஓர் அசைவு ஒரு மூச்சின் நேரம் எடுக்கட்டும். வேகமாகச் செய்தால் பழைய பழக்கமே அந்த வேலையைச் செய்துவிடும்.

2. சிறிதாக. முடிந்த அளவில் பாதிக்கும் குறைவாகவே அசையுங்கள். இது நீட்டிப் பயிற்சி அன்று.

3. வலியின்றி. வலி வருவதற்கு முன்பே நின்றுவிட வேண்டும். வலிக்கும் இடத்தில் உடல் தற்காப்பில் இறங்கிவிடும், கற்றல் நின்றுவிடும்.

4. மாற்றி மாற்றி. ஒரே அசைவைக் கண், தலை, தோள் என்று வெவ்வேறு சேர்க்கையில் செய்து பாருங்கள். வேறுபாடு இருந்தால்தான் மூளைக்கு ஒப்பிட முடியும்.

5. நடுவில் ஓய்வு. ஐந்தாறு முறைக்கு ஒருதரம் நிறுத்தி, என்ன மாறியது என்று கவனியுங்கள். இந்த ஓய்வும் பாடத்தின் ஒரு பகுதிதான்.

பயிற்சி 1: நாற்காலியில் இடுப்பு (3 நிமிடம்)

நாற்காலியின் முன்பாதியில் உட்காருங்கள். இரு பாதங்களும் தரையில் படட்டும். உங்கள் எடை நாற்காலியில் எங்கே விழுகிறது? அடியில் இரண்டு எலும்பு முனைகள் தட்டுப்படும். இரண்டிலும் எடை ஒன்றுபோல் உள்ளதா?

இப்போது இடுப்பை மிகச் சிறிதாகப் பின்னோக்கிச் சாய்த்து, மறுபடி நடுவுக்கு வாருங்கள். ஐந்து முறை. இடுப்பு பின்னால் உருளும்போது மார்பு என்ன செய்கிறது? தலை எந்தப் பக்கம் போகிறது? ஓய்வு.

அடுத்து, முன்னோக்கி ஐந்து முறை. முதுகு சற்று வளைந்து மார்பு உயர்வதை உணர்கிறீர்களா? ஓய்வு. பிறகு முன்னும் பின்னுமாக மெல்ல ஆடுங்கள். அசைவைக் குறைத்துக்கொண்டே வந்து, எந்த இடத்தில் தலை பாரமே இல்லாமல் நிற்பதுபோல் தோன்றுகிறதோ அங்கே நிறுத்துங்கள்.

மனிதத் தலை ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ளது. அது எலும்புகளின்மேல் நின்றால் தசைக்கு வேலை குறைவு. முன்னால் தொங்கினால் கழுத்தும் தோளும் அதை இழுத்துப் பிடிக்க வேண்டும்.

பயிற்சி 2: கண்ணும் கழுத்தும் (5 நிமிடம்)

தலையை வலப்பக்கம் சிரமமின்றித் திருப்புங்கள். சுவரில் எந்த இடம் தெரிகிறது? அதைக் குறித்துக்கொண்டு திரும்பி வாருங்கள். இடப்பக்கமும் ஒரே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

(அ) கண்களை மூடி, தலையை வலப்பக்கம் சிறிதாகத் திருப்பித் திரும்புங்கள். ஐந்து முறை. ஓய்வு.

(ஆ) கண்ணைத் திறந்து, தலையை வலப்பக்கம் வசதியான அளவு திருப்பி அங்கேயே நிறுத்துங்கள். கண்களை மட்டும் இடமும் வலமும் மெல்ல நகர்த்துங்கள். ஐந்து முறை. தாடை இறுகுகிறதா? திரும்பி வந்து ஓய்வு.

(இ) தலையும் தோளும் சேர்ந்து வலப்பக்கம் திரும்பட்டும், கண் மட்டும் முன்னாலேயே இருக்கட்டும். ஐந்து முறை. ஓய்வு.

(ஈ) தலை வலப்பக்கம் போகும்போது கண் இடப்பக்கம் போகட்டும். முதலில் குழப்பமாகத்தான் இருக்கும். சிரிப்பு வந்தால் சிரிக்கலாம், தப்பில்லை. நான்கு முறை போதும். ஓய்வு.

இப்போது எந்த முயற்சியும் இன்றி வலப்பக்கம் திரும்புங்கள். சுவரில் முன்பு குறித்த இடத்தைத் தாண்டிப் பார்க்க முடிகிறதா? பிறகு இடப்பக்கம் திரும்பி ஒப்பிடுங்கள். பலருக்கு வலப்பக்கம் இலகுவாகியிருக்கும்.

எந்தத் தசையையும் நாம் இழுத்து நீட்டவில்லை. கண், கழுத்து, தோள் மூன்றும் வழக்கமாக ஒரே கட்டாகத் திரும்பும். அந்தக் கட்டைப் பிரித்துக் காட்டியதும், தேவையில்லாத பிடிப்பை மூளை விட்டுக்கொடுக்கிறது. இடப்பக்கத்துக்கு அதே படிகளை அசையாமல் மனத்தில் மட்டும் செய்து பாருங்கள். கற்பனையில் அசைவதற்கும் மூளை பெரும்பாலும் அசைவுக்குரிய பகுதிகளையே பயன்படுத்துகிறது.

பயிற்சி 3: எழுதும் கை (3 நிமிடம்)

பேனாவைக் கீழே வையுங்கள். கையைத் தொடைமேல், உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி வையுங்கள். விரல்கள் தாமாகவே சற்று மடங்கியிருக்கும்.

ஐந்து விரல் நுனிகளும் ஒன்றையொன்று நெருங்குவதுபோல் ஒரு சிறிய அசைவு. பிறகு விடுங்கள். திடலோரத் தொட்டாற்சிணுங்கி இலை மறுபடி விரியும் வேகத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவு மெல்ல. நுனிகள் தொட வேண்டிய அவசியமில்லை. பத்து முறை.

இப்போது அதே அசைவைச் செய்தபடி மற்ற இடங்களை விசாரியுங்கள். தோள் உதவிக்கு வருகிறதா? நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருக்கிறதா? பாதம் எதையாவது பற்றிக்கொண்டிருக்கிறதா? மூச்சு நின்றிருக்கிறதா? எதையும் திருத்த வேண்டாம். தெரிந்துகொண்டால் போதும்.

பிறகு பேனாவை எடுத்து ஒரு வரி எழுதுங்கள். அதே வரியை வேண்டுமென்றே இருமடங்கு இறுக்கிப் பிடித்து எழுதுங்கள். மூன்றாவதாக, பேனா நழுவாத அளவுக்கு மட்டும் பிடித்து எழுதுங்கள். மூன்றுக்கும் உள்ள வேறுபாடு உங்கள் கைக்கு ஒரு அளவுகோலாகிவிடும்.

ஆசிரியர்கள் கவனத்திற்கு

"நேரா உட்காரு!" இந்த ஆணையை நான் எத்தனை ஆண்டுகள், எத்தனை மாணவர்களிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. சொன்னவுடன் வகுப்பே விறைத்துக்கொண்டு நிமிரும். இரண்டு நிமிடத்தில் மறுபடி சரியும். நான் மறுபடி சொல்வேன். அவர்களுடைய தோளில் ஏற்கெனவே இருந்த இறுக்கத்தின்மேல் என் ஆணை இன்னொரு இறுக்கத்தை ஏற்றியது என்பது பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது.

இப்பயிற்சியை வகுப்பில் நடத்தும்போது சில குறிப்புகள் உதவும்.

செய்து காட்டாதீர்கள், சொல்லி வழிநடத்துங்கள். ஃபெல்டன்கிராய்ஸ் பெரும்பாலும் அப்படித்தான் கற்பித்தார். நாம் செய்து காட்டினால் மாணவர்கள் நம் உடலைப் பார்ப்பார்கள், தம் உடலைக் கவனிக்க மாட்டார்கள்.

ஆணையைக் கேள்வியாக மாற்றுங்கள். "தோளை இறக்கு" என்பதற்குப் பதில் "உன் இரண்டு தோளில் எது காதுக்குக் கிட்ட இருக்கு?" என்று கேளுங்கள். கேட்டவுடனே பாதித் தோள்கள் தாமாக இறங்கும்.

யாரையும் யாரோடும் ஒப்பிடாதீர்கள். "அவனைப் பாரு, எவ்வளவு நல்லா திரும்புறான்" என்று சொன்ன நொடியே அது போட்டியாகிவிடும். ஒப்பீடு தன் முந்தைய நிலையோடு மட்டும்தான்.

கண்ணை மூடத் தயங்கும் மாணவனைக் கட்டாயப்படுத்தாதீர்கள். மேசையைப் பார்த்துக்கொண்டும் செய்யலாம்.

பாடம் தொடங்கும்போது ஐந்து நிமிடம், நீண்ட எழுத்துப் பயிற்சிக்கு நடுவில் இரண்டு நிமிடம் போதும். நம் கழுத்துக்கும் இது தேவை. கட்டுக் கட்டாகத் தாள் திருத்தும் இரவுகளை நினைத்துப் பாருங்கள்.

எது முடியும், எது முடியாது

மாணவர்களிடம் நாம் மிகைப்படுத்திச் சொல்லக்கூடாது. இதைச் செய்தால் மதிப்பெண் கூடும் என்று நான் சொல்லமாட்டேன். அசைவுகள் இடது மூளையையும் வலது மூளையையும் இணைத்து அறிவைப் பெருக்கும் என்பது போன்ற விளம்பரங்களையும் நம்பவேண்டாம். ஆரோக்கியமானவரின் இரண்டு அரைக்கோளங்களும் ஏற்கெனவே அடர்ந்த நரம்புக் கற்றையால் இணைந்துதான் இருக்கின்றன.

இந்த முறையைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்த ஒரு கட்டுரை 2015-இல் வெளியானது. 20 சோதனைகளை அது எடுத்துக்கொண்டது. முதியோரின் உடல் சமநிலை மேம்படுவதில் நம்பிக்கை தரும் முடிவுகள் இருப்பதாகவும், ஆய்வுகள் பலவற்றின் தரம் போதுமானதாக இல்லை என்றும் அது கூறியது. அதே ஆண்டில் ஆஸ்திரேலிய அரசு பல்வேறு இயற்கைச் சிகிச்சை முறைகளை மதிப்பிட்டபோது, இந்த முறை உட்பட எதற்கும் தெளிவான சான்று கிடைக்கவில்லை என்று முடிவுக்கு வந்தது. இரண்டையும் சேர்த்தே மாணவர்களுக்குச் சொல்லவேண்டும். கருத்துரைக்கும் கட்டுரை எழுதப் பழகும் மாணவனுக்கு, ஒரு கருத்தின் இரு பக்கத்தையும் எடைபோட இதுவும் நல்ல எடுத்துக்காட்டுத்தான்.

இன்னொன்று: கையில் தொடர்ந்து மரத்துப்போதல், பலவீனம், இரவில் எழுப்பும் வலி, விழுந்து அடிபட்ட கழுத்து போன்றவை இருந்தால் பயிற்சி செய்துகொண்டு காத்திருக்கக் கூடாது. பெற்றோரிடம் சொல்லிக் கிளினிக்குக்குப் போகவேண்டும். ஓட்டம், பூப்பந்து, நல்ல தூக்கம் ஆகியவற்றுக்கும் இது மாற்றன்று.

மாணவர்களுக்குச் சில வரிகள்

தேர்வு நாளில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். இன்றிலிருந்து தினமும் ஒரு பயிற்சி, ஏதாவது ஒன்று, போதும். படிக்கும் மேசையில் அரைமணிக்கு ஒருமுறை நிறுத்தி நான்கு இடங்களைக் கேளுங்கள்: பாதம், இடுப்பு, தாடை, விரல். தேர்வு மண்டபத்தில் வினாத்தாள் கைக்கு வரும் முன் ஒரு நிமிடம் கிடைக்கும். பாதம் தரையில் படுகிறதா என்று பாருங்கள், கையை மூன்று முறை மெல்லக் குவித்து விரியுங்கள். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

தொடக்கத்தில் சொன்ன மாணவியிடம் சில வாரங்கள் கழித்துக் கேட்டேன், "இப்ப கை எப்படிம்மா?"

"வலி முழுசா போகல சார். ஆனா எப்ப இறுக ஆரம்பிக்குதுன்னு தெரியுது. முன்னாடி கை நின்னுபோன பிறகுதான் தெரியும். இப்ப முதல் பத்தியிலேயே தெரிஞ்சிடுது, உடனே கொஞ்சம் நிறுத்திக்கிறேன்."

பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, "இன்னொன்னு சார், கணக்குப் பரீட்சைக்குத்தான் ரொம்ப இறுகுது. தமிழுக்கு அவ்வளவு இல்ல" என்றாள். எந்தப் பாடத்துக்கு எங்கே இறுகுகிறது என்று மற்ற மாணவர்களிடமும் இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறேன்.

கலைச்சொற்கள்

உடல்நிலை உணர்வு: பார்க்காமலே உறுப்புகளின் இருப்பிடத்தையும் அசைவையும் அறியும் உணர்வு.

மூளை நெகிழ்வு: பயிற்சிக்கும் அனுபவத்துக்கும் ஏற்ப மூளையின் இணைப்புகள் மாறும் தன்மை.

விழிப்புணர்வு: இக்கட்டுரையில், ஓர் அசைவு நடக்கும்போதே அதைக் கவனித்து அறிதல். டிங்கிக் கொசு ஒழிப்பு விழிப்புணர்வு என்னும்போது வரும் பொருளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கலந்துரையாட

1. அரிசி மூட்டை எடுத்துக்காட்டு எந்தக் கருத்தை விளக்கப் பயன்படுகிறது? அதே கருத்துக்கு உங்கள் அன்றாட வாழ்விலிருந்து வேறோர் எடுத்துக்காட்டு தருக.

2. "கவனமில்லாத பயிற்சி பயிற்சியாகாது." இக்கூற்றை ஒட்டியும் வெட்டியும் ஒவ்வொரு பத்தி எழுதுக.

3. திரும்பு - திருப்பு போன்ற தன்வினை, பிறவினைச் சொற்கள் ஐந்தை உடலசைவோடு தொடர்புபடுத்தி எழுதுக. எழுதும்போது உங்கள் பாதம் எங்கே இருந்தது என்பதையும் குறிப்பிடுக.